சர்வருக்கும் முத்திரை பார்த்து வாங்குங்கள்

ஆரணிக்குப் பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்கள் விவரமானவர்கள். முந்தானையைப் பிரிப்பதற்கு முன்பே சில்க் மார்க் அட்டை எங்கே என்று கேட்கிறார்கள். அதே கடையின் மாடியில், பில்லும் ஆன்லைன் ஆர்டரும் ஓடுகிற சர்வரில் இருக்கும் மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் மெட்ராஸ்ல இருந்து வந்த பையன் போட்டுட்டுப் போனது தம்பி" என்பார் முதலாளி.

இங்கே சில ஜவுளிக் கடைகளுக்கு சர்வர் பார்ப்பது என் பிழைப்பு. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற வேலை. பெரும்பாலும் டெபியன் லினக்ஸ், இல்லையென்றால் உபுண்டு. 'ஆப்ட் அப்டேட்' என்று அடித்தால் பேக்கேஜ் பட்டியல் மட்டும் புதிதாக வரும். சர்வரில் வேறெதுவும் மாறாது. 'ஆப்ட் அப்கிரேட்' அடித்தால்தான் பேக்கேஜ்களே இறங்கும். டெபியன்காரர்கள் கையொப்பமிட்ட பட்டியலோடு ஒவ்வொன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஆப்ட் அதை உள்ளே விடும். வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் மறுத்துவிடும். நம் சில்க் மார்க் மாதிரிதான்; ஆனால் இங்கே வாங்குகிறவர் கேட்காமலேயே சோதனை நடந்துவிடும்.

இதை விட்டுவிட்டு, எங்கோ பார்த்த ஒரு வரியைக் காப்பியடித்து, முன்பின் தெரியாத ஸ்கிரிப்டை இறக்கி, அப்படியே ரூட் என்ற முழு அதிகாரத்தில் ஓடவிடும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் அப்படி வந்ததில் பலவும் ஆப்டின் கணக்கில் ஏறாது. பிறகு அதில் ஓட்டை இருப்பது தெரிந்தாலும் வாராந்தர அப்கிரேடில் அடைபடாது. போட்ட பையனோ அதற்குள் பெங்களூரில் இருப்பான்.

முதலாளிகளைவிட என்னோடு அதிகம் மல்லுக்கு நிற்பது கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள்தான். "அண்ணே, இது ரொம்பப் பழைய வெர்ஷன்." பழசுதான். டெபியன் ஸ்டேபிள் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். இடையில் வெர்ஷன் எண் பெரும்பாலும் நகராது. பாதுகாப்புத் திருத்தங்களை அந்தப் பழைய எண்ணிலேயே சேர்த்து அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்வேன். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி, அநேகமாக எல்லா லினக்ஸிலும் உண்டு. அதன் பராமரிப்பில் ஓரிரு வருடம் நல்லபிள்ளையாக உழைத்த ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைத்துவிட்டார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டப்போய் அது மாட்டிக்கொண்டது. கையொப்பம் சரியாக இருந்தும் விஷம் உள்ளே வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டெபியனில் அது டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகளோடு நின்றது. கேலிக்கு ஆளாகும் ஸ்டேபிளில் இருந்தது 5.4, அது தப்பித்தது.

இதைச் சாக்காக வைத்து அப்கிரேடே பண்ணாமல் விடுகிறவர்களும் உண்டு. சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2021 டிசம்பரோடு திருத்தங்கள் நின்றுவிட்டன. இன்னும் அதை ஓட்டுகிற கடை எனக்குத் தெரியும். "ஓடுறதை ஏன் தொடணும்?" என்கிறார்கள். அச்சுக் கட்டைக்கும் ஜக்கார்டுக்கும் ஆள் வைத்துப் பழுது பார்க்கிற ஊர் இது!

ஆளும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கியது அது. ஆப்ட் நம் தெருவுக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. திறந்து பார்த்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் கடைகளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது முதலாளிகள் மூன்று விஷயங்களை எழுதி வாங்கட்டும்: எந்த லினக்ஸ், அதற்குத் திருத்தங்கள் எந்த வருடம் வரை, வாரத்தில் எந்த நாள் யார் பேக்கப் எடுத்துவிட்டு அப்கிரேட் செய்வது. அந்த நாள் முகூர்த்த நாளாக மட்டும் இருக்க வேண்டாம்.