கடல் பார்க்கும் செலவு

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் வீட்டம்மாவும் கொச்சி போய்வந்தோம். நம்ம கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம்தான்.

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசாங்கப் படகு. டிக்கெட் ஒரு டீ விலைகூட இல்லை. அங்கே சீன வலை இறங்கி ஏறுவதை வீட்டம்மா ஒரு மணி நேரம் பார்த்தாள். "ஏனுங்க, இத்தனை கல்லைக் கட்டி இழுத்து இத்துணூண்டு மீனுங்களா?" என்றாள். 1524-இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயமும் பக்கத்திலேயே. உடலை 1539-இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல் மட்டும் இருக்கிறது.

கணக்குப் பார்த்தால் ரயில் டிக்கெட்தான் உறுத்துகிறது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போயிற்று, சலுகை திரும்பவில்லை. ஏசி வகுப்புக்கு வேண்டாம் சாமி. ஸ்லீப்பருக்கும் உட்கார்ந்து போகிற வகுப்புக்குமாவது தரலாம்.

எனக்கு அரசாங்க பென்ஷன், சமாளித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் மில்லில் முப்பது வருஷம் நின்றவர். பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம். படத்தைக் காட்டினேன். அவர் சம்சாரம் இன்னும் கடலே பார்த்ததில்லையாம்.