மடை மட்டம் எந்தப் படிவத்தில் இருக்கிறது?

தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 2023 பற்றி இந்த இதழ் இதுவரை வாய் திறக்கவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் விவாதமே இல்லாமல் அது நிறைவேறியபோது, விதிகள் வரட்டும், பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டோம். 2024 அக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தது எங்கள் தவறு. சங்கத் தலைவர்கள் சிலர் கடிதம் எழுதித் திட்டினார்கள். திட்டு நியாயமானதே.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

நீர்நிலைப் புறம்போக்கில் பத்து சென்ட் உழுதவருக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டப்படி அகற்றல் அறிவிப்பு வரும். ஆட்சேபகரமான புறம்போக்கு என்பதால் எத்தனை ஜமாபந்திக்கு மனு கொடுத்தாலும் பட்டா கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. ஆனால் 100 ஹெக்டேருக்குக் குறையாமல் கேட்டால், உள்ளே ஏரி, ஓடை, வாய்க்கால் எது இருந்தாலும் சிறப்புத் திட்டமாக அறிவிக்கலாம். ஆராய வல்லுநர் குழுவும் அமைப்பார்கள். இந்த முரணைப் பலர் எழுதியாயிற்று. நாங்கள் சொல்ல வந்தது வேறு.

திட்டக்காரர் தர வேண்டிய உறுதி, நீர்நிலையின் கொள்ளளவு குறையாது என்பது. கொள்ளளவு என்பது மில்லியன் கன அடியில் ஓர் எண். அந்த எண்ணை எந்த மேட்டிலும் ஒரு குழி வெட்டிக் காட்டிவிடலாம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் ஆயக்கட்டுக்கு ஏறாது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சங்கிலித் தொடரில் மேல்கண்மாயின் மறுகால்தான் கீழ்க்கண்மாயின் வரத்து. நடுவில் இருக்கும் ஒன்றை அரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்தால், திட்ட எல்லைக்கு வெளியே மூன்றாவது ஊரில் நாற்றங்கால் காயும். அந்த ஊரை யார் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்கள்?

சரி, குழுவில் நல்ல பொறியாளர்கள் இருக்கிறார்கள், மட்டம் பார்க்கத் தெரிந்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் கையில் இருக்கப்போவது அ பதிவேடும் ஏரி மெமாயரும். இரண்டிலும் இல்லாதவர் நீர்க்கட்டி. எந்த மடையை எத்தனை சாண் திறப்பது, தண்ணீர் குறைந்தால் முறை யாரிடமிருந்து தொடங்கும், எந்த வயல் கடைமடையானாலும் முதலில் நனைய வேண்டும், மறுகால் பாய்ந்தால் கரையின் எந்த இடம் கசியும் என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. களத்தில் அளந்து போட்ட நெல்தான் அவர் சம்பளம். நிலம் மாற்றித் தருவார்கள் என்றால் ஆயக்கட்டுதாரருக்கு ஏதோ ஒரு புல எண் கிடைக்கும். கண்மாயோடு பிழைப்பும் போகிற நீர்க்கட்டிக்கு எந்தப் புல எண்ணைக் கொடுப்பார்கள்?

இது இன்று முளைத்த மறதி அல்ல. கரை உடையும் நேரத்தில் ஊராரைக் கட்டாய வேலைக்கு இழுக்க 1858-இலேயே சட்டம் போட்டவர்கள், கண்மாயை நடத்துகிறவரை எழுத்தில் கொண்டுவர மறந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டம் நிலம் வைத்திருப்பவர்களைக் கூட்டிச் சங்கமாக்கியது. பெரும்பாலும் நிலமில்லாத, தென்மாவட்டங்களில் பெரும்பாலும் தலித்தான நீர்க்கட்டிக்கு அதில் இடமில்லை. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரை எடுத்து 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். விவசாயிகள் பங்கு பத்து சதவீதம் என்றார்கள். பொக்லைன் வந்தது, கரை உயர்ந்தது, பலகை நட்டார்கள். நீர்க்கட்டி எப்போதும்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரம் நின்று பார்த்தார்.

நீர்க்கட்டியின் கூலியைச் சங்கம் கொடுக்கலாமே என்பார்கள். எதிலிருந்து? பல ஊர்களில் மீன் குத்தகை ஒரு பக்கம் போகிறது, கண்மாய்க்குள் நட்ட கருவேல மரத்தின் ஏலத்தொகை இன்னொரு பக்கம். சங்கத்துக்கு மிஞ்சுவது கூட்டக் குறிப்பேடு. மீன் குத்தகையில் ஒரு பங்கை நீர்க்கட்டியின் கூலிக்கு ஒதுக்கச் சொல்லி, ஒரு சங்கத்தாரோடு நானே ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்திருக்கிறேன். நான்காம் முறை கோப்பில் ஒரே வரி: இப்படி ஒரு பணியிடம் எந்த அரசாணையிலும் இல்லை. இல்லாத பணியிடத்தில் இருந்த அந்த மனிதர் அன்று காலையிலும் மூழ்கி மடை அடைத்துவிட்டு ஈரத்தலையோடு எங்களுடன் பேருந்து ஏறியிருந்தார். ஆசிரியர் உரையில் கோபத்துக்கு இவ்வளவு இடம் கூடாது என்று இணையாசிரியர் சொல்கிறார். சொல்லட்டும்.

சட்டம் திரும்பப் பெறப்படும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. உங்கள் கண்மாயின் முழுநீர் மட்டம், ஒவ்வொரு மடையின் அடிமட்டம், கலிங்கின் மட்டம், வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, இவற்றை அளந்து கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். குழு வரும்போது கையில் கொடுக்க உங்கள் ஊரிலும் ஒரு தாள் இருக்கட்டும். இதற்கான படிவத்தைச் சென்ற இதழோடு இணைத்திருந்தோம். நீர்க்கட்டி பெயர், முறைப்பட்டியல், களத்தில் அவருக்கு அளக்கும் நெல் என்று தனிக் கட்டமும் போட்டிருந்தோம். மட்டங்களைச் சென்டிமீட்டர் வரை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் திரும்பி வந்த தாள்களில் பலவற்றில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.