மலையடிவாரத்துக் கேமராக்கள்

திருவண்ணாமலையில் வாழ்ந்த ஞானி ரமணர் என்றதும் பலர் மனதில் முதலில் எழுவது, பெங்களூரு புகைப்படக்காரர் ஜி. ஜி. வெல்லிங் 1946-இல் எடுத்த மார்பளவுப் படம்தான். அதில் மலை இல்லை, ஆசிரமம் இல்லை, கூட்டமும் இல்லை. முகம், தோள், நம்மை நேராகப் பார்க்கும் கண்கள், அவ்வளவே. எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தவர் எடுத்த படம் அது.

எதையும் விட மனமில்லாததால்தான் நம் சுற்றுலாப் படங்கள் கெடுகின்றன. திருவண்ணாமலைக் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி. அதன் உச்சிக் கலசமும் வேண்டும், அடியில் நிற்கும் குடும்பமும் வேண்டும் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கிறோம். கோபுரம் கிடைக்கிறது, பாட்டியின் முகம் தெரிவதில்லை. குடும்பத்தைக் கோபுரத்தடியில் நிறுத்தாமல் நம்மோடு தள்ளி அழைத்து வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தால் இரண்டும் கிடைக்கும். முகம் இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ஜூமைத் தொட வேண்டியதில்லை, நாமே நடந்து அவர்களுக்குக் கிட்டப் போகலாம்.

கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. காலையில் கிழக்கே நின்றால் வெயில் நம் முதுகில் விழும்; கோபுரமும் அதன் பின்னால் மலையும் ஒருசேர ஒளிரும். அதே இடத்தில் மாலையில் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், மலையின் கோட்டுருவம்தான் மிஞ்சும். அதுவும் அழகுதான், ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் கண்குழியெல்லாம் நிழல் விழும். அப்போது மர நிழலுக்கோ திண்ணைக்கோ போய்விடுவது நல்லது.

1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக்கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன் ஆசிரமத்தில் இருந்தார். காந்தியின் இறுதி ஊர்வலத்தை 1948-இல் படம் பிடித்தவர் அவர். கையில் சிறிய லைக்கா கேமரா. சுருளுக்கு 36 படம். ஃபிளாஷ் போடுவதை அவர் மரியாதைக் குறைவாகவே கருதினார். இருக்கிற வெளிச்சத்தில் எடுத்தார். இன்று கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலையுச்சியில் எரியும் மகாதீபத்தை நோக்கி ஆயிரம் போன்கள் ஃபிளாஷ் அடிக்கின்றன. போனின் ஃபிளாஷ் சில அடிகளைத் தாண்டாது. அதை அணைத்துவிட்டு, போனைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி வைத்து, டைமர் போட்டு எடுத்துப் பாருங்கள்.

மரியாதை என்ற சொல்லைக் கிரிவலப் பாதையிலும் நினைக்க வேண்டும். சாமியார்கள் வேடிக்கைப் பொருள் அல்லர். "சாமி, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் கும்பிட்டு நகர்ந்துவிடலாம். படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கும் சந்நிதியிலும் தியான அறையிலும் போன் பைக்குள் இருக்கட்டும்.

சென்னை மருத்துவர் டி. என். கிருஷ்ணசாமி, ரமணரைப் பலமுறை படம் எடுத்தவர். பக்தர்கள் எடுத்த அத்தகைய படங்களை ஆசிரமம் காத்து வைத்ததால்தான் ரமணருடைய அன்றாட வாழ்வை இன்று நம்மால் பார்க்க முடிகிறது. நம் போனில் கிடக்கும் ஆயிரத்தை யார் காப்பார்கள்? ஊர் திரும்பிய வாரத்திலேயே நல்லதாக இருபதைத் தேர்ந்து பிரிண்ட் போட்டு, பின்புறம் நாள், இடம், நிற்பவர்களின் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.