யாரைக் கேட்டு அச்சிட்டார்கள்?

1966-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆஸ்திரேலியாவில் பவுனும் ஷில்லிங்கும் விடை பெற்றுக்கொண்டன, டாலர் வந்தது. புதிய ஒரு டாலர் நோட்டின் ஒரு பக்கத்தில் எலிசபெத் ராணியின் படம். மறு பக்கத்தில், மண்ணின் ஆதிக்குடிகளைக் கௌரவிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன், ஒரு மரப்பட்டைச் சித்திரத்தின் கோடுகளை எடுத்து அச்சிட்டிருந்தார்கள். பாம்பு கடித்து இறந்துபோன ஒரு மூதாதை வேட்டைக்காரனுக்குச் செய்யும் ஈமச் சடங்கு அந்தச் சித்திரத்தின் விஷயம்.

எல்லாம் சரிதான். சித்திரத்தை எழுதியவரை மட்டும் யாரும் கேட்கவில்லை! வரைந்தவர் எந்தக் காலத்து ஆளோ, என்றோ மண்ணோடு மண்ணாகப் போயிருப்பார் என்று ரிசர்வ் பாங்கிலிருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள். அவரோ வடக்கே ஆர்ன்ஹெம் பிரதேசத்தில் சௌக்கியமாக இருந்தார். பெயர் டேவிட் மாலங்கி. அந்த மூதாதையின் கதையை எழுதுவதற்கு உரிமை பெற்ற குலத்தைச் சேர்ந்தவர். விஷயம் வெளியானதும் பாங்கின் கவர்னர் கூம்ப்ஸ் தவறை உணர்ந்து, 1967-ல் மாலங்கிக்கு ஆயிரம் டாலரும், ஒரு பதக்கமும், மீன் பிடிக்கும் தூண்டில் சாமான்களும் கொடுத்தார். தேசத்தில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கிடந்த சித்திரத்துக்குத் தூண்டிலும் ஒரு வெகுமதி! நோட்டு 1984-ல் நாணயத்துக்கு இடம் விட்டு மறைந்தது. கேள்வி மறையவில்லை.

ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் சித்திரங்களை அச்சில் ஏற்றும் கலையைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அச்சு யந்திரம் அவர்களிடம் முதலில் தோழனாக வரவில்லை. பிறர் கையில் இருந்துகொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொள்ளும் சாதனமாகத்தான் வந்தது. அந்த யந்திரத்தைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்ட கதைதான் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்திருக்கிறது.

அந்தக் கதை ஒரு சிறைச்சாலையில் ஆரம்பமாகிறது. கெவின் கில்பர்ட் என்பவர் 1957-ல் ஆயுள் தண்டனை பெற்றவர். பிற்காலத்தில் கவிஞராகவும் நாடகாசிரியராகவும் பிரசித்தி பெற்றவர். 1960-களில் சிறைக்குள் இருந்தபோது, லினோலியத் துண்டுகளைச் செதுக்கி மை தடவிப் படம் எடுக்கத் தொடங்கினார். உளிகளா? கைக்குக் கிடைத்த ஆணி, ஸ்பூன், பிளேடு இவைதான். ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளில் முதல் அச்சுச் சித்திரக்காரர் என்று அவரைத்தான் பலரும் சொல்கிறார்கள். 1969-ல் வடக்கே பாதர்ஸ்ட் தீவில், டீவி இன இளைஞர்களான பீட் துங்குதாலும், ஜியோவானி டிபுங்வுடி இருவரும் மரக்கட்டையில் பறவைகளையும் மீன்களையும் செதுக்கி அச்செடுத்தார்கள். பிறகு அதையே துணியிலும் அடித்தார்கள். ‘டீவி டிஸைன்’ என்ற ஸ்தாபனம் அப்படிப் பிறந்ததுதான்.

இந்தச் சரித்திரத்தில் மிகவும் சிந்திக்க வைக்கும் ஊர் யிர்க்கலா. ஆர்ன்ஹெம் பிரதேசத்தின் வடகிழக்கு மூலையில் கடலோரமாக இருக்கிறது. யோல்ங்கு மக்களின் ஊர். 1963-ல் தங்கள் நிலத்தில் பாக்ஸைட் சுரங்கம் தோண்ட சர்க்கார் ஏற்பாடு செய்தபோது, இந்த ஊரார் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார்கள். தட்டச்சில் அடித்த காகிதத்தை மரப்பட்டையில் ஒட்டி, நான்கு புறமும் தங்கள் குலச் சித்திரங்களை எழுதி அனுப்பினார்கள். ‘இந்த நிலம் எங்களுடையது’ என்பதற்கு அந்தச் சித்திரங்களே அவர்களுடைய பத்திரம். வீட்டுப் பத்திரத்தை யாராவது கண்டவர் கையில் நகல் எடுக்கக் கொடுப்பார்களா?

1990-களின் நடுவில் இந்த ஊரின் கலைக் கூடத்தில் ஓர் அச்சுப் பட்டறை ஏற்பட்டபோது, பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். ஒரு முடிவுக்கும் வந்தார்கள். நிலத்தின் சித்திரத்தை எழுதுவதானால் நிலம் தரும் பொருளைக் கொண்டே எழுத வேண்டும்: மரப்பட்டை, காவிக்கல், வெள்ளைக் களிமண், கரி. குலங்களுக்கு உரிய புனிதக் கோலங்களை யந்திரத்தில் பிரதி எடுக்கக் கூடாது. மற்றபடி நண்டு, மீன், மட்டி, காட்டுக் கிழங்கு, குழந்தைகளின் விளையாட்டு, அன்றாட வாழ்க்கை, இவற்றை எந்த வர்ணத்தில் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

இந்தத் தீர்ப்பின் அழகே தனி. யந்திரம் வேண்டாம் என்று அவர்கள் விரட்டவில்லை. வந்ததே என்று எல்லாவற்றையும் அதில் போட்டு நசுக்கவும் இல்லை. இன்னது பட்டைக்கு, இன்னது காகிதத்துக்கு என்று கோடு கிழித்தார்கள். அதன் பலன் என்ன தெரியுமா? பட்டையில் காணாத ரோஜா நிறமும் ஊதாவும் பச்சையும் காகிதத்தில் துள்ளின. முக்கியமாகப் பெண்களுக்கு ஒரு புதிய வாசல் திறந்தது. பட்டறையில் அச்சு எடுப்பவர்களும் உள்ளூர்ப் பெண்களே. வெளியூர் நிபுணர்கள் வந்து கற்றுக்கொடுத்தார்கள், போனார்கள், யந்திரம் அங்கேயே இருந்தது.

ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே சட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஆதிக்குடிகளின் வழக்கம் இது’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் நகரத்து ரஸிகர்கள் நடு ஆஸ்திரேலியாவில் உள்ள யூண்டுமு என்ற ஊருக்கு ஒரு தடவை போய் வருவது நல்லது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 290 கிலோமீட்டர், செம்மண் பாலை. அங்கே 1980-களின் தொடக்கத்தில் வால்பிரி இனப் பெரியவர்கள் ஐந்து பேர், பள்ளிக்கூடத்தின் முப்பது கதவுகளில் தங்கள் மூதாதையர் கதைகளை எழுதினார்கள். பிள்ளைகள் படித்துவிட்டு எங்கே போனாலும் தங்கள் மண்ணை மறக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். பிள்ளைகள் பிள்ளைகள்தானே! வருஷக் கணக்கில் கதவின் மேல் கிறுக்கினார்கள். வெயிலும் தூசியும் தம் பங்கைச் செய்தன. 1995-ல் தெற்கு ஆஸ்திரேலிய மியூசியம் கதவுகளை வாங்கிக்கொண்டது.

கதவுகள் ஊரை விட்டுப் போன பிறகு, அவற்றை எழுதியவர்களில் இருவர், பாடி ஸ்டூவர்ட், பாடி ஸிம்ஸ் ஆகிய முதியவர்கள், அதே முப்பது கதைகளையும் உலோகத் தகடுகளில் மறுபடி வரைந்தார்கள். டார்வின் நகரத்தின் ‘நார்தர்ன் எடிஷன்ஸ்’ பட்டறையைச் சேர்ந்த பாஸில் ஹால் அச்சிட்டுக் கொடுத்தார். அந்த வரிசை 2001-ல் டார்வினில் நடந்த தேசிய ஆதிக்குடிக் கலைப் போட்டியில், காகிதச் சித்திரங்களுக்கான பரிசைப் பெற்றது. யிர்க்கலாப் பெரியவர்கள் எதைத் தடுத்தார்களோ, ஏறக்குறைய அதையே யூண்டுமுப் பெரியவர்கள் செய்தார்கள். இரண்டும் சரி. ஏனென்றால் இரண்டு இடத்திலும் முடிவு செய்தவர்கள் சித்திரத்துக்கு உரியவர்கள்.

இப்படிப்பட்ட தகடு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது சுவாரசியமாக இருக்கும். நிபுணர் ஒரு வண்டியில் தகடுகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் வருகிறார். மர நிழலிலோ கலைக் கூடத்துத் தாழ்வாரத்திலோ கடை விரிக்கிறார். தூரிகை பிடித்துப் பழகிய கைக்கு ஊசியால் கீறுவது ஒத்து வராது. அதற்கு ஒரு நல்ல யுக்தி இருக்கிறது: சர்க்கரைப் பாகு! சர்க்கரைக் கரைசலில் கொஞ்சம் மை கலந்து, சித்திரக்காரர் தகட்டின் மேல் தம் வழக்கப்படி தூரிகையால் எழுதுகிறார். காய்ந்ததும் தகடு முழுவதும் வார்னிஷ் பூசுகிறார்கள். பிறகு வெந்நீரில் இட்டால், சர்க்கரை கரைந்து அந்த இடத்து வார்னிஷையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. எழுதிய இடம் மட்டும் வெறும் உலோகமாகத் தெரியும். அமிலம் அதை அரிக்கும். அரித்த பள்ளத்தில் மை நிற்கும். ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால், தூரிகையின் மயிரிழை வரை விழும். முதல் பிரதியைச் சித்திரக்காரர் பார்த்துச் சம்மதித்த பிறகே மற்றவை அச்சாகின்றன. குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றிலும் பென்ஸிலால் எண்ணும் கையொப்பமும் இடுகிறார்கள்.

இதைக் கண்டு சிலர் முகம் சுளிக்கிறார்கள். ‘வரைந்தது ஒருவர், அமிலத்தில் இட்டது வேறொருவர், மை தடவியது வெள்ளைக்காரர், இது எப்படி ஆதிக்குடிக் கலை ஆகும்?’ என்பது அவர்கள் வாதம். ஜப்பானிய ஹொகுஸாயின் பேரலைப் படத்தை உலகமே கொண்டாடுகிறது. அவர் வரைந்தார், கட்டையைச் செதுக்கியவர் ஒருவர், அச்சிட்டவர் இன்னொருவர். அது ஜப்பானியக் கலையா என்று யாராவது கேட்டதுண்டா? கறுத்த கை வரைந்தால் மட்டும் ‘சுத்தம்’ பற்றிய விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது. காவிக்கல்லும் புள்ளிகளும் இருந்தால்தான் அசல் என்பதும் இதே ரகம். தாத்தா எழுதியதையே பேத்தியும் எழுத வேண்டும் என்று உத்தரவு போட வியாபாரிக்கு என்ன அதிகாரம்?

குறை சொல்ல வேண்டுமானால் வேறு இடத்தில் சொல்ல வேண்டும். நிபுணர் ஒரு வாரம் இருப்பார். தகடுகளை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போவார். எந்தக் காகிதம், எந்த மை, எத்தனை பிரதி என்பதில் அவர் சொல்லுக்குக் கனம் அதிகம். அடுத்த தடவை அவர் வருவது மானியம் கிடைப்பதைப் பொறுத்தது. நல்ல மனிதராக இருந்தால் நல்லது நடக்கும். ஆனால் ஓர் ஊரின் கலை ஒருவரின் நல்ல மனத்தை நம்பி இருக்கலாமா? அதனால்தான் யிர்க்கலாவைப்போல் யந்திரம் ஊரிலேயே நிலைத்து, ஊராரே அச்சிடுவது எல்லாவற்றிலும் மேல். மானியம் கொடுக்கிறவர்கள் வண்டிப் பயணத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கையாவது உள்ளூர் அச்சாளர்களின் சம்பளத்துக்குக் கொடுக்கலாம்.

அச்சில் வந்த சித்திரம் எளிதில் பயணம் செய்யும். அதுதான் அதன் பலம், அதுவே அபாயமும். யிர்க்கலாவைச் சேர்ந்த மாரிக்கா என்ற பெண்மணிக்கு அவருடைய தந்தையே குலக் கோலங்களைக் கற்றுக்கொடுத்தார். (2021-ல் அவர் காலமானார். இறந்தவரின் சொந்தப் பெயரைச் சொல்லாதிருப்பது அவ்வூர் மரியாதை. குடும்பப் பெயரே இங்கும் போதும்.) 1980-களில் புனித நீர்நிலையையும் உடும்பு வடிவ மூதாதையையும் அவர் அச்சுச் சித்திரமாகச் செய்தார். ஊரில் பட்டறை ஏற்படுவதற்கு முந்திய காலம் அது. சில ஆண்டுகளில் அந்தச் சித்திரம் வியட்நாமில் நெய்த கம்பளங்களாக ஆஸ்திரேலியாவில் விலைக்கு வந்தது! பெர்த் நகரத்துக் கம்பெனி ஒன்று இறக்குமதி செய்திருந்தது. சுவரில் மாட்டுவதற்கே யோசித்துக் கொடுத்த சித்திரம் செருப்புக் காலின் கீழ் கிடந்தது.

எட்டுச் சித்திரக்காரர்களின் படைப்புகள் இவ்வாறு களவு போயிருந்தன. அவர்களில் ஐந்து பேர் காலமாகிவிட்டவர்கள். வழக்கு பெடரல் கோர்ட்டுக்குப் போயிற்று. 1994 டிசம்பரில் ஜட்ஜ் வான் டூஸா, 1,88,000 டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தார். தொகையைவிட அவர் ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் பெரிது. தம் குற்றம் எதுவுமே இல்லாவிட்டாலும், கோலத்தைக் காக்கத் தவறியதற்காகத் தம் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் சித்திரக்காரர்தான். அந்த மனவேதனைக்கும் ஈடு உண்டு என்றார். காப்புரிமைச் சட்டம் காசைத்தான் கணக்கிடும். இந்தத் தீர்ப்பு அவமானத்தையும் கணக்கிட்டது.

பிறகு நிலைமை சீர்பட்டதா? ஒரு விதத்தில் ஆம். 2010 ஜூன் முதல், ஆயிரம் டாலருக்கோ அதற்கு மேலோ மறுவிற்பனையாகும் சித்திரத்தில் 5 சதவிகிதம் வரைந்தவருக்குச் சேர வேண்டும் என்ற சட்டம் அமலில் இருக்கிறது. ஆனால் சில நூறு டாலருக்குக் கைமாறும் அச்சுப் பிரதிக்கு இதில் பயன் இல்லை என்பதைச் சட்டம் செய்தவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைத்தெருவிலோ போலிகளின் ராஜ்யம். 2022-ல் ஆஸ்திரேலிய உற்பத்தித் திறன் கமிஷன் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆதிக்குடிப் பாணி நினைவுப் பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் போலிச் சரக்குக்கே போகிறது. 2019-ல் இந்தோனேஷியாவில் செய்த பூமராங்குகளை அசல் என்று விற்ற கம்பெனிக்கு 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். அதற்குள் கம்பெனியே கலைப்புக்குப் போயிருந்தது!

அந்த வழக்கில் குற்றம் என்ன தெரியுமா? வாங்குகிறவரை ஏமாற்றியது. ‘இது போலி’ என்று சீட்டு ஒட்டி விற்றிருந்தால் அந்தச் சட்டத்தில் குற்றமே இல்லை. கோலத்துக்கு உரிய குலத்தார் அந்த நியாயத்தில் எங்கேயும் வரவில்லை. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய சர்க்கார் தன் புதிய கலாசாரக் கொள்கையில், ஆதிக்குடிகளின் பாரம்பரிய அறிவுக்கும் கலை வடிவங்களுக்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு தருவதாக வாக்களித்தது. அந்தச் சட்டத்தை எழுதுகிறவர்கள் கான்பெராவில் அறைக்குள் உட்கார்ந்து மூளையைக் கசக்க வேண்டியதில்லை. எது பட்டைக்கு, எது காகிதத்துக்கு, யார் சம்மதித்தால் அச்சிடலாம் என்ற விதிகளை யிர்க்கலாவில் வகுத்துப் பல ஆண்டுகளாக நடத்தியும் காட்டியிருக்கிறார்கள். போய்க் கேட்டால் சொல்வார்கள்.