கொலையும் காதலும்

துப்பறியும் நாவல் படிக்கும் பழக்கம் நமக்கு உண்டு என்பதை இந்தப் பக்கத்து நேயர்களிடம் மறைத்துப் பயனில்லை. ஆனால் வீட்டில் மறைத்து வைத்திருந்தோம். பரீட்சைக் காகிதக் கட்டுக்கு அடியில் வைத்திருந்த புஸ்தகத்தை, கலாசாலையில் படிக்கும் நம் மூத்த குமாரி ஒரு நாள் கண்டெடுத்துவிட்டாள்.

"அப்பா, இது கொலைக் கதையா, காதல் கதையா?" என்று கேட்டாள்.

"இரண்டுந்தான்" என்றோம்.

"எந்தக் காலத்துக் கதை?"

"இன்னும் வராத காலத்துக் கதை."

அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். பையன்கள் வீட்டுக் கணக்குப் போடாததற்குச் சமாதானம் சொல்லும்போது நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படியே இருந்தது அந்தப் பார்வை. ஆகையால் அவளுக்குச் சொன்ன பதிலையே சற்று விரிவாக நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்க தேசத்தில் நோரா ராபர்ட்ஸ் என்று ஒரு கதாசிரியை இருக்கிறார். 1979-ம் வருஷத்துப் பிப்ரவரி மாதம் பெரும் பனிப் புயல் அடித்து, இரண்டு சிறு பையன்களோடு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோதுதான் அவர் கதை எழுத உட்கார்ந்தாராம். 1981-ல் முதல் நாவல் வெளிவந்தது. அதன் பிறகு அவர் எழுதிக் குவித்த வேகத்துக்கு அச்சுக்கூடத்தாரால் ஈடு கொடுக்க முடியவில்லை. ஒரே பெயரில் இத்தனை புஸ்தகங்களை எப்படிக் கடைக்கு அனுப்புவது? ஆகவே 1995-ல் ஜே. டி. ராப் என்னும் புனைபெயர் பிறந்தது. முதல் இரண்டு எழுத்துக்களும் அவருடைய இரண்டு புதல்வர்களின் பெயர்களில் முதலெழுத்துக்கள். 'ராப்' என்பது ராபர்ட்ஸின் தலைப்பாதி. காதல் கதை எழுதிப் புகழ் பெற்ற மாது, புதுப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு போலீஸ் கதை எழுதத் தொடங்கினார். 2003-ல் வந்த ஒரு நாவலின் அட்டையில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே அச்சாயின. அப்போது அந்தப் புனைபெயருக்கே பெரும் புகழ் வந்துவிட்டிருந்தது.

இந்த வரிசை நாவல்களில் பெரும்பாலானவற்றின் பெயர் 'இன் டெத்' என்றே முடியும். முதல் நாவலான 'நேக்கட் இன் டெத்' என்பதன் தலைப்பைக் கண்டு முகஞ் சுளிப்பவர்கள் இருக்கலாம். அது கடைக்காரர் செய்த தந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை 2058-ம் வருஷத்து நியூயார்க் நகரத்தில் நடக்கிறது. எழுதிய நாளிலிருந்து அறுபத்து மூன்று வருஷம் தள்ளி.

அந்த நியூயார்க் எப்படி இருக்கிறது? ஆகாயத்தில் விளம்பரக் கப்பல்கள் மிதந்து கொண்டு கூச்சலிடுகின்றன. சமையற்காரர் இல்லை, பொத்தானை அமுக்கினால் யந்திரமே தட்டில் ஆகாரத்தை வைக்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் டெலிபோனை ஒவ்வொருவரும் பையில் வைத்திருக்கிறார்கள். 1995-ல் அதைப் படித்தவர்கள் வியந்திருப்பார்கள். இன்று அதே சாதனத்தை நம் வீட்டுக் குழந்தைகள் சாப்பாட்டு நேரத்தில் கையிலிருந்து கீழே வைக்க மாட்டேன் என்கிறார்கள். துப்பாக்கி சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டது. போலீஸாருக்குக் கூட ஆளை மயங்கி விழச் செய்யும் ஆயுதந்தான்; அதன் விசையை உயர்த்தினால் உயிரும் போகும். கடமையின்போது ஒருவரைக் கொன்றுவிட்ட போலீஸ் உத்தியோகஸ்தர், மனப் பரீட்சை ஒன்றுக்கு உட்பட்டுத் தேறிய பிறகே மறுபடியும் வேலை பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும் விட நம்மைக் கலங்க அடித்த விஷயம் வேறு. அந்தக் காலத்தில் அசல் காபி கிடைப்பது அரிதாம்! கோடீசுவரர்களுக்கே அது கட்டுமாம். மற்றவர்களெல்லாம் ஏதோ போலிச் சரக்கைக் குடித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போகிறார்கள். வருங்காலத்தின் பயங்கரத்தை நம் நேயர்களுக்கு உணர்த்த இந்த ஒரு விவரமே போதும்.

கதாநாயகி ஈவ் டல்லஸ், கொலை வழக்குகளைத் துப்பறியும் லெப்டினன்ட். முதல் நாவலில் செனட்டர் ஒருவரின் பேத்தி கொலையுண்டு கிடக்கிறாள். கொன்ற ஆயுதம், அந்தக் காலத்தவர் காட்சிச் சாலையில் மட்டுமே காணக்கூடிய பழைய துப்பாக்கி. பழந்துப்பாக்கிகளைச் சேகரித்து வைத்திருப்பவன் யார் என்று தேடினால் ரோர்க் என்ற மகா கோடீசுவரன் அகப்படுகிறான். டப்ளின் நகரத்துச் சந்துகளில் திருடிப் பிழைத்து வளர்ந்து, இன்று பூமியில் பாதியையும் ஆகாயத்தில் கொஞ்சத்தையும் சொந்தமாக்கிக்கொண்டவன். ஆக, சந்தேகப் பட்டியலில் முதல் பெயரும் அவனுடையதே. அவள் மனம் நாடும் பெயரும் அவனுடையதே. அவன் அவளுக்கு வைர நகை அனுப்பவில்லை. ஒரு பை அசல் காபி அனுப்புகிறான். அவளிடம் இருக்கும் ஒரே நல்ல உடுப்பிலிருந்து கழன்று விழுந்த பொத்தானைத் தன் பையில் வைத்துக் காப்பாற்றுகிறான். மூன்றாவது நாவலில் விவாகம் நடக்கிறது. கொலைகாரன் யார் என்பதை நாம் சொல்ல மாட்டோம்; அவ்வளவு துரோகி அல்ல நாம்.

குறைகளும் உண்டு. ரோர்க்கின் ஐசுவரியத்துக்கு ஓர் அளவே இல்லை. ஈவ் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து விசாரித்தாலும், அந்தக் கட்டடம் தன் புருஷனுடையது என்று கடைசியில் தெரிய வரும். தம்பதிகளின் அந்தரங்கத்தை ஆசிரியை கதவைச் சாத்தாமலே எழுதுகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற புஸ்தகம் அல்ல. ஐம்பதாவது நாவல் 2020-ல் வெளிவந்தது. இருபத்தைந்து வருஷம் நாம் நரைத்தோம். கதைக்குள்ளோ சுமார் மூன்று வருஷமே ஓடியிருக்கிறது! இத்தனை கொலைகளை அந்த மூன்று வருஷத்துக்குள் அடக்கினால், நியூயார்க்கில் உயிரோடு மிஞ்சுபவர் எத்தனை பேர் என்று கணக்கு வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

நிற்க. இப்படிப்பட்ட கதையை நாம் ஏன் பரீட்சைக் காகிதத்துக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தோம் என்பதற்கு வருவோம்.

சாதாரணத் துப்பறியும் நாவலில் பிணம் ஒரு விடுகதை. முதல் அத்தியாயத்தில் விழுந்து கிடக்கும். பிறகு அதை யாரும் நினைப்பதில்லை. துப்பறிபவரின் சாமர்த்தியந்தான் கதை. ஈவ் டல்லஸுக்கு அப்படியில்லை. செத்தவர் நல்லவரோ கெட்டவரோ, சீமானோ தெருவில் திரிந்தவரோ, அவருக்காகப் பேச இனித் தன்னைத் தவிர யாருமில்லை என்று அவள் நினைக்கிறாள். அவர்களுடைய படத்தைப் பலகையில் குத்தி வைத்து, பெயரை மறக்காமல் வேலை செய்கிறாள். முதல் நாவலிலேயே கொலையுண்ட ஒரு மாதின் பூனை அனாதையாகிறது. அதையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறாள். பின் வரும் நாவல்களிலெல்லாம் அந்தப் பூனை காலஹாத் என்ற பெயரோடு கொழுத்துத் திரிகிறது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? டெக்ஸாஸ் மாகாணத்து டல்லஸ் நகரத்தில் ஒரு சந்தில், எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று கை முறிந்து குற்றுயிராகக் கிடந்தது. தன் பெயர் கூட அதற்கு நினைவில்லை. சர்க்கார் ஊழியர் யாரோ ஊர்ப் பெயரையே சேர்த்து ஒரு பெயர் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைதான் நம் லெப்டினன்ட். பெற்ற தகப்பனே அதற்குச் சொல்லத் தகாத கொடுமைகளைச் செய்தான் என்பதும், உயிர் தப்புவதற்காக அந்தப் பிஞ்சுக் கையே அவனைக் கொன்றது என்பதும் நாவல் நாவலாக, துர்ச்சொப்பனம் துர்ச்சொப்பனமாக அவளுக்கு நினைவு வருகின்றன. முதல் நாவல் தொடங்கும் இடமும் இதே காயந்தான். ஒரு சிறுமியைக் காப்பாற்ற ஓடினாள். சில நிமிஷம் பிந்திவிட்டாள். குழந்தை போய்விட்டது, கொன்றவனைச் சுட்டு வீழ்த்தியதுதான் மிச்சம்.

இங்கேதான் காதல் கதைக்கு வேலை இருக்கிறது. யாரும் அன்பாகத் தொட்டறியாத ஒருத்தி, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்கும் ஒருவனை நம்பக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? ஐம்பது நாவல்களும் அதற்கே போதவில்லை. வழக்குக்கு வழக்கு கொலைகாரன் அகப்பட்டு விடுகிறான். ஆனால் அவள் மனசு சமாதானமாவது அங்குலம் அங்குலமாக நடக்கிறது. விவாகத்தோடு முடிந்துவிடும் காதல் கதைகளில் இதற்கு இடமில்லை.

2004-ல் வந்த 'டிவைடட் இன் டெத்' என்ற நாவலில் ரோர்க் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறான். டல்லஸ் நகரத்து அந்த அறையில் நடந்ததைச் சர்க்காரின் உளவு இலாகாவைச் சேர்ந்தவர்கள் அப்போதே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தகப்பனை வேறொரு காரியத்துக்காகக் கண்காணித்து வந்தார்கள். உள்ளே போய்க் குழந்தையைக் காப்பாற்றினால் கண்காணிப்பது வெளிப்பட்டுவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். அவர்களைத் தேடிக் கொன்றுவிட வேண்டும் என்று ரோர்க் கொதிக்கிறான். அவன் வெறும் வாய் வீரன் அல்ல. தன்னை வளர்த்தவரின் மகளைச் சித்திரவதை செய்து கொன்றவர்களை முன்னொரு காலத்தில் அவனே ஒருவர்பின் ஒருவராகத் தீர்த்திருக்கிறான். ஈவ் போலீஸ்காரி. தன் பொருட்டே ஆனாலும் கொலை கொலைதான் என்கிறாள். புருஷனும் மனைவியும் ஒரே வீட்டில் அந்நியர்களாகிறார்கள். கடைசியில் அவள் பொருட்டு அவன் அந்தப் பழியைக் கைவிடுகிறான். அவர்கள் செய்தது சரி என்று அவனுக்குத் தோன்றிவிடவில்லை, கோபமும் தணிந்துவிடவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டே கையை மட்டும் இறக்குகிறான். பழி வாங்குவதைவிட அது கடினமான காரியம் என்று நமக்குப் பட்டது.

புஸ்தகத்தை அந்த இடத்தில் மூடிவிட்டு வெகு நேரம் விழித்துக்கொண்டிருந்தோம். அவ்விரவில் நம் நினைவுக்கு வந்தது நியூயார்க்கும் அல்ல, டல்லஸும் அல்ல.

நாம் உத்தியோகத்துக்கு வந்த புதிதில் ஒரு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கடைசி வரிசை. கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டான். ஒரு நாள் முழங்கைக்கு மேல் தடித்து நீலம் பாய்ந்திருந்தது. "என்னடா இது?" என்றோம். "விழுந்துட்டேன், சார்" என்றான். எழுதிக்கொண்டிருந்த கரும்பலகைக்கு நாம் திரும்பிவிட்டோம். பின்னும் இரண்டு தடவை விழுந்தான். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. குடும்பம் வேறூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். நாம் விசாரிக்கவில்லை. விழுகிற பிள்ளைக்கு முழங்கால்தான் சிராய்க்கும், முழங்கைக்கு மேலே விரல் விரலாகத் தடிக்காது என்று அன்றும் நமக்குத் தெரியாமலில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ, வந்தால் நாம் என்ன செய்ய வேண்டியிருக்குமோ என்ற தயக்கந்தான். உளவு இலாகாக்காரர்களுக்காவது மேலதிகாரியின் உத்தரவு என்று ஒரு சாக்கு இருந்தது.

2011-ல் வந்த 'நியூயார்க் டு டல்லஸ்' என்ற நாவலில் ஈவ், தன்னைப் பெற்ற தாயை எதிர்பாராமல் காண்கிறாள். மகளுக்கு அடையாளம் தெரிகிறது, தாய்க்குத் தெரியவில்லை. அந்தப் பையன் இன்று நம் எதிரில் வந்து நின்றால் நமக்கும் தெரியப் போவதில்லை. அவனுக்கு நம்மைத் தெரியும்.

வருங்காலத்தில் ஆகாயத்தில் வண்டி ஓடலாம், துப்பாக்கி ஒழியலாம், யந்திரமே சாதம் வடிக்கலாம். சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை அழும்போது எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டிய வேலையை மட்டும் எந்த யந்திரமும் செய்யாது என்று இந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருக்கிறார். அது காதல் கதைக்குள் வந்தால் என்ன, கொலைக் கதைக்குள் வந்தால் என்ன?

நம் குமாரி புஸ்தகத்தைக் கேட்டாள். கொடுத்துவிட்டோம், வயது வந்த பெண், தானே எடைபோட்டுக்கொள்வாள். பரீட்சைக் காகிதங்களையும் திருத்தி முடித்துவிட்டோம். பள்ளிக்கூடம் திறந்த மறுநாள், கடைசி வரிசையிலிருந்து பெயர் கூப்பிடத் தொடங்கினோம். வரிசை மாறியது ஏன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் அவனை நிறுத்தி வைத்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம்.