பைலட் ஆகணுமா? லோனுக்கு முன்னாடி பரீட்சையை எழுதுங்க!

"மாசம் 45 ஆயிரம் சம்பளம். சின்ன வயசுல இருந்தே பைலட் ஆகணும்னு ஆசை. வேலையை விட்டுட்டு லோன் போடலாமா?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. என் பதில் ரொம்ப சிம்பிள்: ஆசையை விடாதீங்க, வேலையையும் இப்போதைக்கு விடாதீங்க. முதல்ல தியரி பேப்பர்களை பாஸ் பண்ணுங்க. லோன் அதுக்கு அப்புறம்.

ஏன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். செலவில் பெரும்பகுதி அதுக்குத்தான் போகும். 40 லட்சம் கடன்னு வெச்சுக்குவோம். 11% வட்டி, 10 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 55,000 ரூபாய். மொத்தமா நீங்க கட்டுறது 66 லட்சம். இவ்வளவு பெரிய கடனுக்கு ஈடா பேங்க் கேட்கிறது, பெரும்பாலும் அப்பா கட்டின வீடு. ஒரு பேப்பரில் மாட்டி ஆறு மாசம் நீங்க சும்மா உட்காரலாம், வட்டி உட்காராது.

இப்போ பரீட்சைக்கு வருவோம். டி.ஜி.சி.ஏ. நடத்தும் ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல் ஆகிய பேப்பர்களை ஒரு மணி நேரம்கூட பறக்காமலே எழுதலாம். ஒவ்வொன்றிலும் 70% எடுக்கணும். நெகட்டிவ் மார்க் கிடையாது. டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் மட்டும் நீங்க ஓட்டப்போற விமான வகையைப் பொறுத்தது, அது பின்னாடி. ரேடியோ டெலிபோனி தனித் தேர்வு.

புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும், மேலே சொன்ன கடனோட ஒரு மாச இ.எம்.ஐ.க்குப் பக்கத்துலயே முடிச்சுடலாம். அதாவது, 40 லட்சத்தைப் பணயம் வைக்கிறதுக்கு முன்னாடி, ஆயிரங்களில் உங்களை நீங்களே சோதிச்சுப் பார்க்கிற வாய்ப்பு. இதை ஏன் விடணும்?

"வேலை பார்த்துக்கிட்டே படிக்க முடியுமா?"ன்னு கேட்பீங்க. தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம், ஒரு நேரத்துக்கு ஒரு பேப்பர். வானிலைக்கு ஐ.சி. ஜோஷி, ரெகுலேஷன்ஸுக்கு ஆர்.கே. பாலி புத்தகங்களைத்தான் பெரும்பாலானவங்க படிக்கிறாங்க. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டின் வானிலை அறிக்கை, அதாவது மெட்டார், ஆன்லைனில் இலவசமாவே கிடைக்குது. தினமும் ஒண்ணை எடுத்துக் காற்று, மேகம், அழுத்தம்னு பிரிச்சுப் படிங்க. ஒரு மாசத்தில் அது போரடிச்சா, அதுவும் ஒரு பதில்தான்.

ஒண்ணு மறக்காதீங்க. பேப்பர் பாஸ் பண்ணிட்டா நல்லா பறக்க வரும்னு அர்த்தம் இல்லை. ஆனா பேப்பர் பாஸ் ஆகலைன்னா, எவ்வளவு நல்லா பறந்தாலும் லைசென்ஸ் இல்லை. இன்னொண்ணு, பாஸ் ஆனதுக்கும் காலாவதி உண்டு. அதனால எழுதி முடிச்சுட்டு வருஷக்கணக்கில் கிடப்பில் போடாதீங்க.

வேலையை விட்டாதான் வெறி வரும்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சம்பளம் வந்துக்கிட்டு இருக்கும்போது ஃபெயில் ஆனா அடுத்த செஷனில் எழுதலாம். இ.எம்.ஐ. ஓடும்போது ஃபெயில் ஆனா, கைக்கடன் வாங்கித்தான் எழுதணும்.

அதனால வரிசை இதுதான். முதல்ல மெடிக்கல்: கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. நிறப்பார்வையில் பிரச்சினை இருந்தா இங்கேயே தெரிஞ்சிடும். அடுத்து நாலு பேப்பர். அந்த மாசங்களில் இ.எம்.ஐ. கட்டுற மாதிரியே ஒரு தொகையை ஆர்.டி.யில் போட்டு வாங்க. நாலும் பாஸ் ஆன பிறகு பேங்க் படியேறுங்க. "கிரவுண்ட் கிளாஸும் ஃபிளையிங்கும் சேர்த்து பேக்கேஜ், இன்னைக்கே முழுப் பணம் கட்டினா தள்ளுபடி"ன்னு யாராவது சொன்னா, சிரிச்சுக்கிட்டே எழுந்து வந்துடுங்க.