எல்லாப் பழியும் உப்புக்காற்றுக்கா?

மண்டபம் ஊரில் ஒரு காரின் என்ஜின் மிஸ்ஸிங் அடித்தால் பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். "உப்புக்காத்து சார், காயில் போயிருக்கும். ஒண்ணு போனா அடுத்தடுத்துப் போகும், நாலையும் மாத்திடுங்க." மெக்கானிக் சொல்கிறார், டீக்கடையில் நிற்பவர் சொல்கிறார், வண்டிக்காரரே அதைச் சொல்லிக்கொண்டுதான் ஷெட்டுக்குள் நுழைகிறார். வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில் கிடக்கிற ஊரில் இதை மறுத்துப் பேசினால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். மறுக்கத்தான் வேண்டும்.

உப்பு இரும்பைத் தின்னும் என்பதைப் பாம்பன்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1914-இல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள். உப்பு எங்கே நுழையும், எங்கே நுழையாது என்று பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் செய்தார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நம் மண்டபத்திலேயே ஓர் அரிப்புச் சோதனை மையம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடல்காற்றில் காயவிட்டு, பிறகு எடை போட்டு, எவ்வளவு கரைந்தது என்று கணக்கெடுக்கும் வேலை அது. உப்பை அளந்து பார்க்கிற ஊரில், உப்பின் பேரைச் சொல்லி அளக்காமலே பில் போடுகிறோம்.

காயிலுக்குள் என்ன இருக்கிறது? ஒரு இரும்புத் துண்டைச் சுற்றி இரண்டு செப்புக்கம்பிச் சுற்றுகள். பேட்டரியின் 12 வோல்ட்டை இருபது, முப்பது ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி பிளக்குக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அந்தச் சுற்றுகளின்மேல் எபாக்சி ஊற்றி, காற்றுப் போக இடமில்லாமல் இறுக்கி மூடியிருப்பார்கள். வாடைக்காற்றோ கச்சான்காற்றோ அதற்குள் போய் ஒன்றும் செய்ய முடியாது. காயிலைக் கொல்வது பெரும்பாலும் என்ஜின் சூடும் தேய்ந்த பிளக்கும்தான். பிளக்கின் முனையில் இருக்கவேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். தேயத் தேய அது அகலும். பொறி தாண்ட வேண்டிய தூரம் கூடும். காயில் ஒவ்வொரு தடவையும் கூடுதல் வோல்ட்டைத் தள்ள வேண்டும். கடைசியில் மூச்சு முட்டுவது காயிலுக்கு. சாதாரண பிளக்கை முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்றியிருந்தால் இந்தக் கதையே வேண்டாம். மாற்றாமல் ஓட்டிவிட்டுக் கடலைத் திட்டுகிறோம்.

அப்படியானால் உப்பு காரைச் சும்மா விடுகிறதா? இல்லை. அது கடிக்கும் இடம் வேறு: காயிலின் தலையில் செருகும் கப்ளர், பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட். கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினால், பின்னின் ஓரத்தில் பாசி மாதிரி ஒரு பச்சை படிந்திருப்பது தெரியும். அங்கேதான் கரண்ட் தடுமாறுகிறது. புதுக் காயில் போட்டதும் வண்டி சரியாகிவிடுகிறதே என்பார்கள். சரியாகும். பழைய கப்ளரைக் கழற்றிப் புதுக் காயிலில் அழுத்தும்போது பின் உரசிக்கொள்கிறது, பச்சை கொஞ்சம் உதிர்கிறது, தொடர்பு வந்துவிடுகிறது. பேர் புதுக் காயிலுக்கு. கொஞ்ச நாளில் மிஸ்ஸிங் திரும்பி வரும்போது, "டூப்ளிகேட் போட்டுட்டான்" என்று இன்னொரு ஷெட்டைத் தேடிப் போகிறோம்.

இந்த நம்பிக்கை தானே வண்டியைக் கெடுப்பதும் உண்டு. அரிச்சல்முனை வரை போய் வந்தவர்கள் உப்பைக் கழுவ வேண்டுமென்று நேராக வாட்டர் வாஷுக்குப் போகிறார்கள். அடியில் கழுவினால் நல்லது. பானட்டைத் திறந்து என்ஜின் தலையிலேயே பிரஷர் தண்ணீரைப் பீய்ச்சினால் பிளக் இறங்கியிருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கும். மறுநாள் காலை வண்டி குலுங்கும். பல இடங்களில் போர்த் தண்ணீரே உவர்ப்பு. உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறோம். குழியில் தண்ணீருக்குப் பதில் ஆயில் நின்றால் டேப்பட் கவர் பேக்கிங் கசிகிறது என்று அர்த்தம். அந்த ஆயிலில் ஊறி காயிலின் ரப்பர் உறை வீங்கும்; பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்தில் பாயும். பேக்கிங்கை விட்டுவிட்டு காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் அதே ஆயிலில்தான் குளிக்கும்.

(டீசல் வண்டிக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அவர்கள் என்ஜினில் காயிலே கிடையாது. உப்புக்காற்று அவர்களுக்கு வேறு பேரில் பில் போடும்.)

உண்மையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. ஸ்கேனரில் பி-0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் எரியவில்லை என்று பொருள். கவனியுங்கள், காயில் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் வந்த எரர் கோடை அழித்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பி-0302 வந்தால் குற்றவாளி அந்தக் காயில்தான். அதை மட்டும் மாற்றினால் போதும். பி-0301 அங்கேயே நின்றால் காயிலை விட்டுவிட்டு பிளக், கப்ளர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டிகளில் இந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஒரு சிலிண்டர் என்றில்லாமல் பி-0300 வந்து, நிறுத்தத்தில் மட்டும் குலுங்கி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சரியானால் இன்டேக் பக்கம் எங்கோ காற்று புகுகிறதா என்று தேட வேண்டும். பிளக்கை நாலையும் சேர்த்து மாற்றுவதில் நியாயம் உண்டு, நாலும் ஒன்றாகத் தேய்பவை. காயிலுக்கு அந்தச் சட்டம் கிடையாது.

பின்னே ஏன் யாரும் இப்படிச் செய்வதில்லை? மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அரை மணி நேரம் குனிந்து தேடிவிட்டு, "கப்ளர்தான், சுத்தம் பண்ணிட்டேன்" என்று அவர் கூலி கேட்டால், "பார்த்ததுக்கா காசு?" என்று முறைப்பது நாம்தான். அவரே நாலு டப்பாவைப் பிரித்துக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்டால் மறுபேச்சில்லாமல் ஜிபே அடிக்கிறோம். சாமானுக்குக் காசு, மூளைக்கு ஓசி என்று நாம் பழக்கிவிட்டோம், அவரும் பழகிவிட்டார். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடப் போகிற குடும்பம் வண்டிக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தேடிக்கொண்டிருக்க அவருக்குத்தான் எங்கே நேரம்? உப்புக்காற்று வசதியான குற்றவாளி. அது வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூட்டில் பொசுக்கிவிடும். மற்றபடி அவசரம் வேண்டாம். ஷெட்டுக்குப் போனதும், "அண்ணே, முதல்ல காயிலை மாத்திப் போட்டுப் பாருங்க, பார்க்கிற நேரத்துக்கும் கூலி தர்றேன்" என்று சொல்லுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய காயிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.